மருமகனுக்கு ஒரு சீர்

போன சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையை அடைக்கிற நேரம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் சைக்கிளை வாசலில் சாத்திவிட்டுக் குனிந்து உள்ளே வந்தான். எட்டாம் வகுப்பு முடித்திருந்தான், பதிமூன்று வயது. கோவில்பட்டி வெயிலைப் பற்றி எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வெயிலில் அவன் பனியனுக்கு மேல் ஒரு டீ ஷர்ட்டும், அதற்கு மேல் முழுக்கைச் சட்டையும் போட்டிருந்தான். வேர்வையில் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது.

"மாமா, கட்டி கரையுறதுக்கு ஆயின்மென்ட் எதும் இருக்கா?"

"யாருக்குடே?"

"ஃப்ரெண்டுக்கு."

இருபது வருஷமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். ஃப்ரெண்டுக்கு என்று கேட்டு வருகிற பையன்கள் மாதத்துக்கு நாலைந்து பேராவது உண்டு. அவர்களிடம் அடுத்த கேள்வியை அவசரப்பட்டுக் கேட்டுவிட்டால் பிறகு ஆளைப் பிடிக்க முடியாது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். மோர் பாக்கெட்டை வெட்டி டம்ளரில் ஊற்றிக் கொடுத்தேன். குடித்துவிட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் நோட்டைப் பார்க்கிற மாதிரியே இருந்தேன்.

"எனக்குத்தான் மாமா," என்றான்.

இடது மார்பில், காம்புக்கு அடியில், ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குக் கெட்டியாக ஏதோ இருக்கிறதாம். ஸ்கூல் பையின் வார் உரசினால் சுரீரென்று வலிக்கிறதாம். இரண்டு மாதமாக இருக்கிறது. வகுப்பில் ஒருவன் பார்த்துவிட்டுப் பட்டப்பெயர் வைத்துவிட்டான். அதிலிருந்துதான் இந்த மூன்று அடுக்குச் சட்டை. லீவு விட்டால் தோட்டத்துக் கிணற்றை விட்டு ஏறாத பையன், இந்த லீவில் ஒருநாள்கூடக் கிணற்றுப் பக்கம் போகவில்லை. அக்கா அதை, பிள்ளை பொறுப்பாகிவிட்டான் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு கேள்வி கேட்டான். "கேன்சரா மாமா?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டான். அடுத்ததை மருந்து அலமாரியைப் பார்த்துக் கேட்டான். "நான் பொம்பளப் பிள்ளையா மாறுறேனா?"

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். பெயர் போடாமல் எழுதச் சொன்னான். படிக்கிற இன்னொரு பையனுக்கு உதவும் என்பது அவன் சொன்ன காரணம்தான்.

அவனுக்கு நான் சொன்ன பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். பருவமடையும் ஆண்பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது வரும். கைனகோமாஸ்டியா என்று பெயர். பெயரைக் கேட்டால்தான் பயமாக இருக்கும், விஷயம் எளிது. ஆண் உடம்பில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் மட்டும்தான் சுரக்கும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த டெஸ்டோஸ்டிரோனிலேயே ஒரு பங்கை உடம்பு, பெண் ஹார்மோன் என்று நாம் சொல்கிற ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. எலும்பு வளர்ந்து முற்றுவதற்கு ஆண்பிள்ளைக்கும் அந்த ஈஸ்ட்ரோஜன் வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் இரண்டுக்கும் இடையிலான சமநிலை கொஞ்ச காலம் ஆட்டம் காணும். அந்த இடைவெளியில் மார்புத் திசு லேசாகத் தடிக்கிறது. ஒரு பக்கம் மட்டும் வரலாம், இரண்டு பக்கமும் வரலாம், தொட்டால் வலிக்கலாம். பதிமூன்று, பதினான்கு வயதில்தான் அதிகம். ஆறு மாதத்திலிருந்து இரண்டு வருஷத்துக்குள் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். ஆயின்மென்ட் வேண்டாம், ஒத்தடம் வேண்டாம். அழுத்தி அழுத்திப் பார்க்கவும் கூடாது.

நான் டாக்டர் இல்லை, பார்மசி படித்தவன். அதனால் மறுநாள் சாயங்காலம் குழந்தைகள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் இரண்டு நிமிஷம் பார்த்தார். ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறானா என்று கேட்டார், உயரமும் எடையும் எடுத்தார். ஆறு மாதம் கழித்துக் காட்டச் சொன்னார். வேகமாகப் பெரிதானாலோ, காம்பிலிருந்து நீர் கசிந்தாலோ, பருவத்தின் வேறு எந்த அடையாளமும் இல்லாமல் இது மட்டும் வந்தாலோ உடனே வர வேண்டும் என்றார். வெளியே வந்ததும் மருமகன் மேல்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டான். டீ ஷர்ட்டோடு பைக்கில் என் பின்னால் உட்கார்ந்து வந்தான்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் இவனுடைய அக்கா, என் மருமகள், பெரிய மனுஷியானாள். காலை எட்டு மணிக்குப் போன் வந்தது, பத்து மணிக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. தாய்மாமன் என்று நான் பச்சை ஓலை கொண்டுபோய்க் குச்சு கட்டினேன். உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று ஆச்சி ஒரு கணக்கு வைத்துக் கொடுத்தாள். பதினாறாம் நாள் சடங்குக்கு மேளதாளத்தோடு இருபத்தோரு தட்டு சீர் எடுத்துப் போனோம். பத்திரிகையில் என் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அந்தச் சத்தத்தில் பிள்ளை கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள் என்பதும் உண்மை. அந்த ஆரவாரம் வேண்டுமா என்று இன்றைக்குக் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஆனால் ஆச்சியும் அத்தைமாரும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, இது எல்லாருக்கும் வருவதுதான், இப்படி இருந்தால் இதைச் செய், வயிறு வலித்தால் சொல்லு என்று பேசினார்களே, அதில் ஒரு சொல்லாவது இந்தப் பையனுக்குக் கிடைத்ததா? அவன் உடம்பும் அதே வேலையைத்தான் தொடங்கியிருக்கிறது. அவனுக்கும் நான் தாய்மாமன்தான். அவன் கேட்டு வந்தது ஒரு ஆயின்மென்ட்.

பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று பெண்ணின் ஏழு பருவத்தையும் பள்ளிக்கூடத்தில் ஒப்பித்திருக்கிறோம். ஆணுக்கும் ஏழு உண்டு. பாலன், மீளி, மறவோன், திறலோன், காளை, விடலை, முதுமகன். செய்யுள் இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் வருகிறது. ஏழு வயது வரை பாலன், பத்து வரை மீளி, பதினான்கு வரை மறவோன், பதினைந்தில் திறலோன், பதினாறில் காளை, அதற்கப்புறம் முப்பது வரை விடலை என்று கணக்குச் சொல்கிறார்கள். பதினான்கு, பதினைந்து, பதினாறு என்று வருஷத்துக்கு ஒரு பெயர் மாறுகிறது, பிறகு முப்பது வரை ஒரே பெயர். அந்த இரண்டு மூன்று வருஷத்தில் பையனின் உடம்பு ஓடுகிற வேகத்தை யாரோ உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள் என்று தோன்றும் எனக்கு. நாம் அந்தப் பெயர்களையும் விட்டுவிட்டோம், கவனிப்பையும் விட்டுவிட்டோம்.

அந்த வாரமே முடிவு செய்தேன். மருமகளுக்குத் தட்டு எடுத்த மாதிரி மருமகனுக்கு நான் செய்ய வேண்டிய சீர், அவன் உடம்பைப் பற்றி உட்கார்ந்து பேசுவது. தினமும் கடை மூடுகிற நேரத்தில் அவன் வருவான். பேச்சு கால் மணி நேரம் ஓடும், சிலநாள் ஒரு மணி நேரம். அப்படிப் பேசியவற்றில் முக்கியமானதை இங்கே எழுதுகிறேன்.

பருவம் தொடங்குவது தூக்கத்தில்தான் என்று சொன்னபோது அவன் நம்பவில்லை. மூளையின் அடியில் ஹைபோதலாமஸ் என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. அங்கிருந்து ஒரு ஹார்மோன் விட்டுவிட்டுச் சொட்டுகிறது. அது பக்கத்திலிருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியை எழுப்ப, பிட்யூட்டரி விதைகளை எழுப்புகிறது. ஆண்டிரூ ஷாலியும் ரோஜர் கில்லெமினும் அந்த முதல் ஹார்மோனைப் பன்றி, ஆட்டு மூளைகளிலிருந்து பிரித்தெடுத்துக் கண்டறிந்தது 1971இல். மூளை சுரக்கும் இந்த வகை ஹார்மோன்களைப் பற்றிய வேலைக்காக 1977இல் நோபல் பரிசு வாங்கினார்கள். பருவத்தின் ஆரம்ப மாதங்களில் இந்தச் சொட்டு ராத்திரி உறங்கும்போது மட்டும் ஓங்கும், பகலில் அடங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பகலுக்கும் பரவும். பையன் பாயில் புரண்டு படுத்திருக்கிறான், அவன் பெரியவனாகிற வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது. ஒன்பதிலிருந்து பதினான்கு வயதுக்குள் எப்போது வேண்டுமானாலும் இது தொடங்கலாம்.

முதல் அடையாளம் மீசை என்று நாம் நினைக்கிறோம். மீசை கடைசி வரிசையில் வருவது. முதலில் பெரிதாவது விதைகள். அது யார் கண்ணிலும் படாது, பையனுக்கே தெரியாது. பெண்பிள்ளைக்கு ஒரு தேதி சொல்ல முடிகிற மாதிரி ஆண்பிள்ளைக்குச் சொல்ல முடியாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம். மதுரையில் ஒரு ஹார்மோன் டாக்டரின் மேஜையில் பெரிய ஜபமாலை மாதிரி ஒன்றைப் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மணி, எல்லாம் முட்டை வடிவம். சின்னது 1 மில்லி, பெரியது 25 மில்லி. சுவிட்சர்லாந்தின் குழந்தைகள் டாக்டர் ஆண்டிரியா பிராடர் 1966இல் செய்த கருவி அது. பையனின் விதையை அந்த மணிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 4 மில்லி மணிக்குச் சமமாகிவிட்டால் பருவம் தொடங்கிவிட்டது என்று கணக்கு. இரண்டில் ஒன்று சற்றுத் தாழ்ந்து தொங்குவதும், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருப்பதும் இயல்பு. இதைச் சொன்னபோது மருமகன் ஒரு பெருமூச்சு விட்டான். அதையும் ஒரு நோய் என்று நினைத்து வைத்திருந்திருக்கிறான்.

அடுத்து செருப்பு. அக்கா ஒரு வருஷமாகப் புலம்பிக்கொண்டிருந்தாள், மூணு மாசத்துக்கு ஒரு செருப்பு வாங்க முடியுமா என்று. வளர்ச்சி முதலில் கையிலும் பாதத்திலும் தொடங்கும், பிறகு முழங்காலுக்குக் கீழே, பிறகு தொடை, கடைசியில் உடற்பகுதி. அதனால்தான் இந்த வயதுப் பையன்கள் கையும் காலும் நீண்டு, எதிலாவது இடித்துக்கொண்டும் தட்டிவிட்டுக்கொண்டும் திரிகிறார்கள். உடம்பின் அளவு மாறிவிட்டது, மூளை இன்னும் பழைய அளவை வைத்துக் காலை எடுத்து வைக்கிறது. தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டால் "கண்ணு எங்க இருக்கு" என்று கத்துகிறோம். சின்னப் பிள்ளையாக இருக்கும்போது வருஷத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் வளர்ந்தவன், பதிமூன்று பதினான்கு வயதில் ஒன்பது, பத்து சென்டிமீட்டர் வளர்கிறான். பெண்பிள்ளைகளுக்கு இந்த வேகம் சுமார் இரண்டு வருஷம் முன்பே வந்துவிடும். ஏழாம் வகுப்பு குரூப் போட்டோவில் பெண்கள் வரிசை உயர்ந்து தெரிவது அதனால்தான்.

குரலைப் பற்றி அவனே கேட்டான். பாட்டுப் போட்டிக்குப் போகிற பையன். மேல் ஸ்தாயியில் திடீரென்று குரல் சறுக்கி வேறு எங்கோ போய் விழுகிறது என்றான். தமிழில் இதற்கு அருமையான சொல் உண்டு, மகரக்கட்டு. மகரக்கட்டு உடைந்துவிட்டது என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் 1918இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார். அது போன்ற பாய்ஸ் கம்பெனிகளில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள்தான் ராஜா, ராணி எல்லாம். கட்டை எட்டிப் பாடுகிற பையனுக்குத்தான் முக்கிய வேஷம். மகரக்கட்டு வந்துவிட்டால் அந்த வேஷம் கைமாறிவிடும். நேற்றுவரை கைதட்டல் வாங்கிய குரல் ஒரு மாதத்தில் காணாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு எப்படி இருந்திருக்கும்! உள்ளே நடப்பது இவ்வளவுதான். குரல்வளை பெரிதாகிறது, குரல் நாண்கள் நீண்டு தடிக்கின்றன. கழுத்தில் முடிச்சு போல முன்னால் தள்ளிக்கொண்டு தெரிவது அந்தக் குரல்வளையின் குருத்தெலும்பு. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும். சில மாதம் உடைந்து உடைந்து, பிறகு ஒரு இடத்தில் நிற்கும். அதுவரை கத்தி மேலே ஏற்றப் பார்க்காதே, இறங்கி வருகிற சுருதியில் மெதுவாகப் பாடு என்று அவன் பாட்டு டீச்சரும் சொன்னாராம். நல்ல டீச்சர்.

இனி வருவது பேசுவதற்குக் கூசுகிற இடம். கூசி கூசித்தான் இவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது.

பருவத்தின் நடுவில் விதைகள் விந்தணுவை உண்டாக்கத் தொடங்கும். தூக்கத்தில் சில இரவுகளில் விந்து தானாக வெளியேறும். சொப்பன ஸ்கலிதம் என்று பழைய வைத்தியப் புத்தகங்களில் இருக்கும். வந்தாலும் இயல்பு, சிலருக்கு வராவிட்டாலும் இயல்பு. காரணமில்லாமல் உறுப்பு விறைப்பதும் அப்படித்தான். வகுப்பில், பஸ்ஸில், காலையில் எழுந்திருக்கும்போது என்று நேரங்காலம் பார்க்காமல் நடக்கும், சில நிமிஷத்தில் தணியும். மனதில் கெட்ட எண்ணம் இருப்பதற்கு அது சாட்சி இல்லை. குளிக்கும்போது வெறும் தண்ணீரில் சுத்தமாகக் கழுவிக்கொண்டால் போதும்.

இந்த இயல்பான விஷயத்தை வைத்துத்தான் நம் ஊரில் ஒரு வியாபாரமே நடக்கிறது. பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீசைப் பார்க்காத ஆண் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. நரம்புத் தளர்ச்சி, இளமைத் தவறு, தாது நஷ்டம், இன்ன தேதி இன்ன லாட்ஜில் முகாம். பதினாறு வயதுப் பையன்கள் அம்மாவின் சுருக்குப் பையில் எடுத்த காசோடு அங்கே போகிறார்கள். லேபிள் இல்லாத லேகிய டப்பாவை என்னிடம் கொண்டுவந்து, அண்ணே இதைச் சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, வேறு கொடுங்கள் என்று நின்ற பையனின் முகம் எனக்கு மறக்காது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. ராத்திரி தூங்காமல், உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று நினைத்துப் பயந்த கறுப்பு அது.

ஒரு சொட்டு விந்து நாற்பது சொட்டு ரத்தத்துக்குச் சமம் என்பார்கள். அறுபது என்பார்கள், நூறு என்றும் சொல்வார்கள். உணவு சாரமாகி, சாரம் ரத்தமாகி, ரத்தம் சதையாகி, கொழுப்பாகி, எலும்பாகி, மஜ்ஜையாகி, கடைசியில் சுக்கிலமாகிறது என்ற ஏழு தாதுக் கணக்கிலிருந்து வந்த நம்பிக்கை. உடம்புக்குள் நடப்பதைப் பார்க்க இன்றைய கருவிகள் இல்லாத காலத்தில் யோசித்துச் சொன்னது. இன்றைக்கு என்ன தெரியும் என்று சொல்கிறேன். விந்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, விந்துப்பைகள் என்ற சுரப்பிகளிலிருந்து வரும் சர்க்கரை கலந்த நீர். மீதியில் பெரும்பங்கு பிராஸ்டேட் சுரப்பியின் நீர். விந்தணு என்பது மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. ஒரு தடவைக்கு ஒரு டீஸ்பூன்கூட வராது. ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய இரண்டரை மாதம் ஆகும், ஆனால் இராப்பகலாக நொடிக்கு நொடி புதிது உருவாகிக்கொண்டே இருக்கும். வாயில் எச்சில் ஊறுகிற மாதிரி ஊறுகிற ஒன்றை இழந்து யாரும் மெலிவதில்லை. கைப்பழக்கத்தால் கண் குழிவதும் நரம்பு தளர்வதும் கிடையாது.

ஆனால் பயம் மெலிய வைக்கும். விந்து போவதால் உடம்பு போகிறது என்ற அந்தப் பயத்தையே ஒரு மனநலப் பிரச்சினையாக அடையாளம் கண்டு, தாது என்ற நம் சொல்லை வைத்தே பெயரிட்டவர் இந்திய மனநல மருத்துவர் என். என். விக், 1960இல். சோர்வு, தூக்கமின்மை, படபடப்பு, மனச்சோர்வு எல்லாம் அந்தப் பையன்களுக்கு நிஜமாகவே இருக்கும், மூல காரணம் மட்டும் வேறு. மந்திரத் தீர்வு விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954லேயே வந்துவிட்டது. ஆண்மைக் குறைவுக்கு மருந்து, உயரத்தைக் கூட்ட மருந்து என்று விளம்பரம் செய்வதே அதன்படி குற்றம். சுவரொட்டிகள் மட்டும் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவற்றைக் கிழிப்பதைவிட முக்கியம், பையன் அந்தச் சுவரைப் படிக்கும் முன்னால் வீட்டில் ஒருவர் பேசிவிடுவது.

பேசாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை நான் பதினைந்து வயதில் பார்த்தேன். ஹாஸ்டலில் பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன். ராத்திரி பதினோரு மணிவாக்கில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான், வாந்தி எடுத்தான். வயிற்று வலி என்றான். வார்டன் சோடா வாங்கிக் கொடுத்தார், காலையில் வயிற்று வலி மாத்திரை கொடுத்தார். எங்கே வலிக்கிறது என்று அவன் சரியாகச் சொல்லவே இல்லை. எங்களிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாள் சாயங்காலம் நடக்க முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். விதை முறுக்கிக்கொண்டு ரத்த ஓட்டம் நின்றிருந்தது. ஒன்றை எடுத்துவிட்டார்கள்.

பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள் அதிகம் வருகிற அவசரம் இது. விதையைத் தாங்கி அதற்கு ரத்தம் கொண்டுபோகிற கயிறு முறுக்கிக்கொள்ளும், தூக்கத்திலும் வரும், விளையாடும்போதும் வரும். திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி, வீக்கம், குமட்டல், சிலருக்கு அடிவயிற்றில் மட்டும் வலி. ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்து முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் தாண்டிவிட்டால் அநேகமாக முடியாது. விடியட்டும் பார்க்கலாம் என்று இதில் இருக்கவே கூடாது. மருமகனிடம் மற்றதெல்லாம் ஒரு தடவை சொன்னேன். இதை மட்டும் மூன்று தடவை சொன்னேன். ராத்திரி இரண்டு மணியானாலும் எழுப்பு, வெட்கப்படாமல் எந்த இடம் என்று பெயரைச் சொல்லு என்றேன். "என்ன பேர் சொல்லணும் மாமா?" என்று கேட்டான். வசவில் தவிர அந்தச் சொல்லை அவன் காதால் கேட்டதே இல்லை. விதை என்று சொல்லு, விரை என்று சொல்லு, இரண்டும் நல்ல தமிழ்தான் என்றேன்.

என் ஹாஸ்டல் தோழனுக்கும் சொல் இல்லாமல்தான் போயிருக்கிறது. எட்டாம் வகுப்பில் வளரிளம் பருவப் பாடம் வந்த அன்றைக்கு எங்கள் வாத்தியார், நீங்களே படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நர்சு அக்கா பள்ளிக்கூடத்துக்கு வந்தால் பெண்பிள்ளைகளை ஒரு அறையில் உட்கார வைத்துப் பேசுவார், எங்களைக் கிரவுண்டுக்கு விரட்டிவிடுவார்கள். விளையாடக் கிடைத்த சந்தோஷத்தில் போய்விடுவோம். மருமகன் வகுப்பிலும் போன வருஷம் அதே கிரவுண்டு கதைதானாம்.

பருவைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கடைக்கு அதிகம் வருவது அதற்குத்தான். ஹார்மோன் ஏறும்போது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் பெருகுகின்றன, துவாரம் அடைத்துக்கொண்டு பரு வருகிறது. காலை, மாலை சாதாரண சோப்புப் போட்டுக் கழுவு, கிள்ளாதே. ஸ்டீராய்டு கலந்த சிவப்பழகு கிரீமை யார் சொன்னாலும் வாங்காதே. ஒரு வாரம் பளபளப்பாகத் தெரியும், பிறகு தோல் மெலிந்து சிவந்து பரு இரண்டு மடங்காகும். அக்குள் வேர்வை நாற்றமும் இந்த வயதில்தான் புதிதாக வரும். தினமும் குளித்து, துவைத்த பனியனை மாற்றினால் போதும். ராத்திரி நேரம் கழித்துத்தான் தூக்கம் வருகிறது என்றால் அது சோம்பேறித்தனமில்லை, இந்த வயதில் உடம்பின் கடிகாரமே பின்னுக்குத் தள்ளிப்போகிறது. ஆனாலும் எட்டு மணி நேரமாவது தூங்க வேண்டும்.

தாமதமாகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். மருமகனின் தோழன் ஒருவன், அதே வயது, இன்னும் அணில் மாதிரி இருப்பான். குரல் மாறவில்லை. அவன் கவலை வேறு. பதினான்கு வயது முடிந்தும் விதைகள் வளரத் தொடங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். இடது கையை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். பதினான்கு வயதுப் பையனுக்குப் பன்னிரண்டு வயது எலும்பு இருந்தால், இன்னும் வளர இடம் இருக்கிறது என்று அர்த்தம். இப்படித் தாமதமாகப் பூக்கிறது பல வீடுகளில் பரம்பரை. டாக்டர் முதலில் கேட்கிற கேள்வி, அப்பாவுக்கு எப்போது மீசை வந்தது என்பதுதான். ஒன்பது வயதுக்கு முன்பே அடையாளங்கள் தெரிந்தாலும் காட்ட வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. யாரிடம் கேட்பதென்று தெரியாதவர்கள் தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104க்குப் போன் போடலாம்.

அப்பாவுக்கு எப்போது மீசை வந்தது. எத்தனை பிள்ளைகளுக்கு அது தெரியும்?

அத்தான் தீப்பெட்டி ஆபீசில் கணக்கு பார்க்கிறார். அதிகம் பேசமாட்டார். பையனை நான் டாக்டரிடம் கூட்டிப்போன விஷயம் அக்கா மூலம் அவர் காதுக்குப் போய்விட்டது. ஒருநாள் ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்து திண்ணையில் உட்கார்ந்ததும், "ஏன் மாப்ள, எம் பிள்ளைக்கு ஒண்ணுன்னா என்ட்ட சொல்ல மாட்டியளா?" என்றார். கோபம் இருந்தது, நியாயமான கோபம்தான். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். கட்டி, வலி, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதம், பாதிப் பேருக்கு வரும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"பாதிப் பேருக்கா?"

"ஆமாத்தான்."

கொஞ்ச நேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலது கையைச் சட்டைக்குள் விட்டு வலது மார்பைத் தொட்டார்.

"எனக்கு இந்தப் பக்கம். ஒம்பதாப்பு படிக்கையில. உப்பை வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் வச்சிப் பாத்தேன், தோலு பொத்துப்போச்சு. அப்புறம் துண்ட மடிச்சு நெஞ்சோட இறுக்கிக் கட்டிக்கிட்டுத்தான் சட்டையப் போடுவேன். ஒரு கோட பூராவும் அப்படித்தான். கம்மாயில எல்லாவனும் குளிப்பான், நான் கரையில உக்காந்து ஆடு பாத்துக்கிட்டிருப்பேன். எங்க அய்யாட்ட சொல்லல. உங்க அக்காட்டகூட இன்னைக்கு வரைக்கும் சொன்னதில்ல."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அத்தானுக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது.

"அவனுக்கு நீங்களே சொல்லுங்கத்தான்," என்றேன்.

வெற்றிலையை மடித்தார், போடவில்லை. தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய், மொட்டை மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏல, தூங்கிட்டியா?"

"இல்லப்பா." குரல் உடைந்துதான் வந்தது.

"நாளைக்குக் காலையில கிணத்துக்குப் போவமா, நீயும் நானும்?"

மேலே கொஞ்ச நேரம் சத்தமில்லை. கைப்பிடிச் சுவருக்கு மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"எத்தன மணிக்குப்பா?"

"விடிய ஆறு மணிக்கு. துண்டு எடுத்து வச்சிக்க."